நீலம் வந்தால் போச்சு

பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து செம்மண் கொட்டியது. தேரிக்காட்டுப் பக்கம் போய்வந்த மண்ணாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் மண் இல்லை, துரு. பெடல் கிராங்க் பொருந்துகிற அடிக்கூட்டில், பாட்டம் பிராக்கெட் என்கிறோமே, அங்கே ஏழு வருஷமாக உட்கார்ந்து தின்ற துரு. சைக்கிள் கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மரை பூராவும் பவுடராப் போயிட்டு. இனி எதுல மாட்ட?" என்றார். திருகி மாட்டுகிற புரியைத்தான் மரை என்கிறோம்.

வெளியே பெயிண்ட் அப்படியே புதுசு மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு வலித்தது. வாரம் தவறாமல் துடைத்த சைக்கிள். துணி போகாத இடத்தில் உப்பு போயிருக்கிறது.

எனக்கு ஊர் திசையன்விளை. உவரிக் கடல் இங்கிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். கேட், கிரில், கைப்பிடிக் கம்பி செய்து கொடுக்கும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உப்புக்காற்று எதை எத்தனை வருஷத்தில் தின்னும் என்பது எனக்கு மனப்பாடம். உவரியில் ஒரு வீட்டுக்குப் போட்ட இரும்பு கிரில் நான்காம் வருஷம் அடிப்பக்கம் இற்றுவிடும். அதே கிரில் வள்ளியூரில் பதினைந்து வருஷம் நிற்கும். அப்பா உடன்குடிச் சந்தைக்குக் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிப்போன சைக்கிளை ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து துடைப்பார். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துடைப்பார். முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த சைக்கிளும் கடைசியில் துருவில்தான் போனது.

அடிக்கூடு உதிர்ந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்தது டைட்டானியம்தான் என்று. அந்த உலோகம் எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

2006ல் சவூதிக்குப் போனேன். ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பராமரிப்பு வேலை. அதற்குமுன் எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பு, எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டிலும் நன்றாக வெல்டிங் செய்பவன் என்று பெயர் எடுத்திருந்தேன். டைட்டானியத்துக்குத் தனியாகச் சோதனை உண்டு என்றார்கள். இரண்டு குழாய்த் துண்டுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். வெல்டிங் வரிசை மீன் செதில் அடுக்கின மாதிரி வந்தது. அதன்மேல் நீலமும் ஊதாவும் கலந்து மயில் கழுத்து மாதிரி மின்னியது. எஸ்.எஸ்.ஸில் அப்படிக் கொஞ்சம் நிறம் வந்தால் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஃபோர்மேன் கொல்லத்துக்காரர். ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். துண்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வைஸில் வைத்து இறுக்கி, நீளமான ஒரு பைப்பை மாட்டி வளைத்தார். பட்டென்று வெடித்தது. உடைந்த முகத்தை என் கண்ணருகே நீட்டினார். உடைத்த கருப்பட்டியின் உள்முகம் மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. "நீலம் வந்தா போச்சு" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவர் பக்கத்தில் நின்று படித்ததுதான் இன்றைக்கும் என் சொத்து. சூடான டைட்டானியம் காற்றைக் குடிக்கும். ஆக்சிஜன், நைட்ரஜன் எது கிடைத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த இடம் கண்ணாடி மாதிரி இறுகிப் போகும், பிறகு ஒரு சின்ன வளைவைக்கூடத் தாங்காது. அதனால் உருகும்போது மட்டும், எதோடும் சேராத ஆர்கான் வாயுவால் மூடினால் போதாது. உருகி, உறைந்து, நானூறு டிகிரிக்குக் கீழே ஆறும்வரை மூடியிருக்க வேண்டும். மேலேயும் மூட வேண்டும், குழாய்க்கு உள்ளேயும் நிரப்ப வேண்டும். நிறம்தான் சாட்சி. வெள்ளி நிறம் என்றால் காற்று தொடவே இல்லை. வெளிர் வைக்கோல் நிறம் வரை பரவாயில்லை. நீலம், ஊதா வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். சாம்பலாகவோ வெள்ளைப் பொடியாகவோ பூத்திருந்தால் அந்தக் குழாயின் ஓரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் போதும் கெடுக்க. அசிட்டோனில் துடைத்துவிட்டு வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வோம். பாத்திரம் கழுவுகிறவனும் பூசை செய்கிறவனும் ஒரே ஆள் என்பார் ஆசான்.

அங்கே ஒருமுறை வருஷக்கணக்கில் சுடுகடல்நீர் ஓடின டைட்டானியக் குழாய் ஒன்றைக் கழற்றினோம். மேலே பச்சையாக ஏதோ படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். அடியில் நேற்று போட்ட குழாய் மாதிரி சாம்பல் வெள்ளியாக இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உட்காரும். சுரண்டினால் அந்த நொடியே மறுபடி உருவாகிவிடும் என்று பாடமாகப் படித்திருந்தேன். அந்தக் குழாயைக் கையில் வைத்திருந்தபோதுதான் அது மனதில் இறங்கியது. எனக்கு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைத் துணி ஞாபகம் வந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்து கரையில் கொட்டுவது நேர்த்திக்கடன். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்து, அது தெளிந்தபோது அம்மா நாற்பத்தோரு பெட்டி சுமந்தாள். நான் கரையில் உட்கார்ந்து உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அலை வந்து திரும்பின இடத்தில் கறுப்பு வரி வரியாக மணல் படிந்திருக்கும். அதில் காந்தத்தை வைத்தால் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். தாது மணல் என்போம். அதில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. எங்கள் கடற்கரையிலும் தேரிக்காட்டு மணலிலும் அது கலந்து கிடக்கிறது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் பிரித்தெடுக்கிறார்கள்.

இந்த உலோகத்தை முதலில் கண்டவரும் இப்படித்தான் கண்டிருக்கிறார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1791ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், ஓடையோரத்தில் காந்தத்தில் ஒட்டுகிற கறுப்பு மணலை எடுத்துச் சோதித்து, அதில் இதுவரை யாரும் அறியாத ஒரு உலோகம் இருக்கிறது என்று எழுதினார். டைட்டானியம் என்ற பெயரை 1795ல் ஜெர்மனியின் கிளாப்ரோத் வைத்தார். பெயர் வைத்த பிறகும் அதைத் தூய்மையாகப் பிரிக்க நூறு வருஷத்துக்குமேல் ஆனது. ஆக்சிஜனை அது அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இன்றைக்கும் தாதுவைக் குளோரினோடு சேர்த்து ஆவியாகும் திரவமாக மாற்றி, பிறகு ஆர்கான் சூழலில் உருகிய மெக்னீசியத்தோடு வினைபுரியவைத்துத்தான் எடுக்கிறார்கள். குரோல் என்பவர் 1940 வாக்கில் கொண்டுவந்த முறை. வருவது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான உலோகம், அதனால் டைட்டானியப் பஞ்சு என்றே பெயர். சவராவில் 2011லிருந்து அந்தப் பஞ்சு தயாராகிறது, ராக்கெட் வேலைக்கு. உலகத்தில் தோண்டுகிற டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாக ஆவதே இல்லை, வெள்ளைச் சாயமாகிப் பெயிண்டுக்கும் பேப்பருக்கும் பற்பசைக்கும் போகிறது. மணல் கையருகே கிடந்தும் உலோகம் விலை கூடியிருப்பதன் காரணம் இதுதான்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

டைட்டானிய ஃபிரேம் என்றால் எடை குறைவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடை குறைவுதான். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் 4.5 கிராம், ஸ்டீல் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆனாலும் எடைக்காக இதை வாங்குவது வீண். எடைதான் வேண்டும் என்றால் கார்பன் ஃபைபர் ஃபிரேம் இதைவிடக் குறைந்த விலையில் இன்னும் லேசாகக் கிடைக்கும்.

வளைந்து கொடுக்கும் தன்மையில் டைட்டானியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே அளவுக் குழாய் இரண்டையும் ஒரே பாரத்தில் வைத்தால் டைட்டானியம் இரண்டு மடங்கு தொய்யும். 1970களில் அமெரிக்காவில் டெலிடைன் டைட்டன் என்ற சைக்கிளைக் கலப்பில்லாத டைட்டானியத்தில் செய்தார்கள். அது தொய்ந்தது, பல ஃபிரேம்கள் கீறல் விட்டன. பிறகு விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக உருவாக்கின கலவை ஒன்று சைக்கிளுக்கு வந்தது. நூற்றுக்கு 3 பங்கு அலுமினியம், 2.5 பங்கு வனேடியம், மீதி டைட்டானியம். கிரேடு 9 என்பார்கள். 1980களில் மெர்லின், லைட்ஸ்பீடு போன்ற அமெரிக்கப் பட்டறைகள் அந்தக் கலவையில், குழாயின் விட்டத்தையும் பெருக்கிச் செய்தபோதுதான் டைட்டானிய சைக்கிள் நிலைத்தது. மெல்லிய குழாயின் விட்டத்தை நாலில் ஒரு பங்கு கூட்டினாலே விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். எந்த இடத்தில் எத்தனை விட்டம், எத்தனை கனம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் அந்த சைக்கிளின் நடையே இருக்கிறது. "டைட்டானியம் சொகுசாகப் போகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. குழாயைத் தேர்ந்தவர் சொகுசாகப் போகும்படி தேர்ந்திருந்தால் போகும்.

என் ஃபிரேம் சீனாவின் பாவ்ஜி நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஊர் முழுக்க டைட்டானியத் தொழில், டைட்டானிய நகரம் என்றே அதைச் சொல்வார்கள். என் கால் அளவு, கை அளவு, பழைய சைக்கிளின் அளவு எல்லாம் எழுதி, வரைபடம் வாங்கி, நாலைந்து தடவை திருத்தி அனுப்பினேன். நான் விடாமல் கேட்டது மூன்று. அடிக்கூட்டில் மரை வேண்டும், அழுத்திச் செருகுகிற மாதிரி வேண்டாம். டயர் 42 மில்லிமீட்டர் வரை போக இடம் வேண்டும். பெயிண்ட் வேண்டாம். கார்பன் ஃபோர்க்கும் சுங்க வரியும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆனது. பெட்டியைப் பிரித்தபோது அம்மா பார்த்துவிட்டு, "ஏலே, இம்புட்டுப் பணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிருக்கலாமே" என்றாள். மனைவி கேட்டது வேறு. "ஏங்க, பெயிண்ட் அடிக்க மறந்துட்டாங்களா?"

பெயிண்ட் இல்லாததுதான் எனக்கு முக்கியம் என்று அவளுக்கு விளக்கினேன். பெயிண்ட் அடித்தால் வெல்டிங் தெரியாது. ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு பட்டறை லைட்டைப் போட்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே வெள்ளி நிறம், ஓரத்தில் மட்டும் மிக லேசான வைக்கோல் நிறம். மேலே பளபளப்பாக்க யாராலும் முடியும், தேய்த்து நிறத்தை எடுத்துவிடலாம். உள்ளே தேய்க்க முடியாது. அடிக்கூட்டு ஓட்டை வழியாகச் சின்ன டார்ச்சை விட்டு, பல் டாக்டர் கண்ணாடி ஒன்றைச் செருகிப் பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்களின் உள்முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் வெள்ளி. யார் கை என்று தெரியாது, முகம் தெரியாது. உள்ளே ஆர்கான் நிரம்பும்வரை பொறுத்திருந்திருக்கிறார், முடிந்தபிறகும் வெல்டிங் டார்ச்சை எடுக்காமல் பிடித்திருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குத்தான் காசு. ஃபிரேம் வாங்க நினைத்து என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உலோகத்தைப் பார்க்காதீர்கள், வெல்டிங்கைப் பாருங்கள், அதுவும் உள்ளே பாருங்கள்.

மறுநாள் கருப்பட்டி மண்டியில் தராசில் வைத்தேன். 1 கிலோ 640 கிராம். செத்துப்போன ஸ்டீல் ஃபிரேம் 2 கிலோ 300.

நான் ஓட்டுவது பெரும்பாலும் இரண்டு வழி. தெற்கே இடையன்குடி வழியாக உவரி, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கூடங்குளம் பக்கம். மேற்கே ராதாபுரம், வள்ளியூர், பணகுடி. இடையன்குடியில் பிஷப் கால்டுவெல் கட்டின கோயிலின் வாசலில் நின்று தண்ணீர் குடிப்பது வழக்கம். 1841ல் அந்த மனிதர் சென்னையிலிருந்து இந்த ஊர்வரை நடந்தே வந்தார். தூரம் அதிகமாகத் தோன்றுகிற நாளில் அதை நினைத்துக்கொள்வேன்.

ஆனி, ஆடியில் மேற்கே போவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பணகுடிப் பக்கம் ஆளைத் தள்ளும், அதனால்தான் அங்கே காற்றாலைக் காத்தாடிகள் காடு மாதிரி நிற்கின்றன. நாலரை மணிக்குக் கிளம்பினால் காற்று முழு வேகம் எடுக்கும்முன் பணகுடி போய்விடலாம். திரும்பும்போது காற்று முதுகில். ராதாபுரம் வரை பெடல் சும்மா சுற்றும். ஒருநாள் எழுந்திருக்கத் தாமதமாகி எட்டு மணிக்குக் கிளம்பினேன். காவல்கிணறு தாண்டிப் பக்கவாட்டில் அடித்த காற்றில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நேராகப் போனேன். மெல்லிய குழாய் என்றாலும் அந்தச் சாய்வில் ஃபிரேம் முறுக்கவில்லை, ஹேண்டில் சொன்ன இடத்துக்குச் சக்கரம் போனது. அந்த நாளில்தான் பாவ்ஜிக்காரர் கீழ்க்குழாயின் விட்டத்தைக் கூட்டச் சொன்னதன் அருமை புரிந்தது. நான் முதலில் வேண்டாம் என்று மறுத்திருந்தேன்.

சொகுசைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் 28 மில்லிமீட்டர் டயரில் 90 பி.எஸ்.ஐ. காற்று அடித்து ஓட்டினேன். ராதாபுரம் சாலையில் ஜல்லி பெயர்ந்த இடங்களில் பல் கிட்டியது. 40 மில்லிமீட்டர் டயர் மாற்றி 40 பி.எஸ்.ஐ. வைத்தேன். அதே சாலை வேறு சாலையாகிவிட்டது. சொகுசில் முக்கால் பங்கு டயருடையது. மீதிக் கால் பங்கில் ஃபிரேமும், சீட்டைத் தாங்குகிற குழாயான சீட் போஸ்டும் இருக்கின்றன. அந்தக் கால் பங்கு தெரிவது நாலாவது மணி நேரத்துக்கு மேல்தான். ஸ்டீல் சைக்கிளில் போய்வந்த நாளில் மணிக்கட்டில் ஒரு குறுகுறுப்பு ராத்திரி வரை இருக்கும், இதில் இல்லை. சிறு அதிர்வு கைக்கு வருவதற்குமுன் எங்கேயோ கரைந்து போகிறது.

டயரில் டியூப் வைத்துக்கொள்வது இந்தப் பக்கம் ஆகாது. உடைமுள் அப்படி. குடை விரித்த மாதிரி நிற்கிற உடை மரங்கள் பார்க்க அழகு, அதன் காய்ந்த முள் ஊசியைத் தோற்கடிக்கும். டியூப் இல்லாமல் உள்ளே பால் மாதிரி அடைப்பான் ஊற்றி ஓட்டுகிறேன். முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் தானாக அடைந்துவிடும். பங்குனி, சித்திரையில் வழியில் பதனீர் இறக்குகிறவர்கள் இருப்பார்கள். சைக்கிளைப் பனையில் சாய்த்துவிட்டு ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிக்கும்போது, "இதுக்குப் பெயிண்ட் எப்பண்ணாச்சி அடிப்பிய?" என்று ஒரு பெரியவர் வருஷாவருஷம் கேட்கிறார்.

துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் நானே ஒரு தவறு செய்தேன். சீட் போஸ்ட் அலுமினியம். அதில் சாதாரண கிரீஸ் தடவி மாட்டிவிட்டு ஒரு வருஷம் கழற்றவே இல்லை. டைட்டானியமும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் வியர்வையும் இருந்தால், அது ஒரு சின்ன பாட்டரி. டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் அரிக்கும். அரித்த வெள்ளைப் பொடி இடத்தை அடைத்துக்கொண்டு உப்பிப் பிடித்துக்கொள்ளும். சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்க நினைத்த அன்றைக்கு அது இம்மியும் அசையவில்லை. சுத்தியல் எடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அலுமினியம் குளிரில் சுருங்குவது டைட்டானியத்தைப்போல இரண்டரை மடங்கு. உவரியில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒரு சாக்கு ஐஸ் வாங்கிவந்து, கல்லுப்பு கலந்து நொறுக்கி, போஸ்டின் உட்குழாயில் திணித்தேன். ஐஸும் உப்பும் சேர்ந்தால் வெறும் ஐஸைவிட நன்றாகக் குளிரும். கால் மணி நேரம். வைஸில் போஸ்டின் தலையைப் பிடித்து ஃபிரேமை இரண்டு கையாலும் ஒரு திருப்பு. கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு பைய வந்தது. ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தால் ஃபிரேமின் உட்சுவர் முதல் நாள் மாதிரியே இருந்தது. போஸ்டைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது தாமிரத்தூள் கலந்த பசை தடவி, மாதம் ஒருமுறை கழற்றி மாட்டுகிறேன். போல்ட்டுகளுக்கும் அதே பசை. டைட்டானிய மரையில் பசை இல்லாமல் இன்னொரு உலோகம் உரசினால் ஒன்றோடொன்று பிய்த்துக்கொண்டு இறுகிவிடும்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்த ஃபிரேம்.

பழைய டைட்டானிய ஃபிரேம், இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறான். வலது பக்கம், செயின் ஓடுகிற பக்கத்துப் பின்குழாய் அடிக்கூட்டோடு சேருகிற இடத்தில் மயிரிழைக் கீறல். முதலில் பெடல் மிதிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்திருக்கிறது. ஒரு பட்டறையில் கொடுத்து ஆர்கான் வெல்டிங் வைத்திருக்கிறான். மூன்றே வாரத்தில் பக்கத்திலேயே மறுபடி கீறிவிட்டது. "டைட்டானியம் உடையாதுன்னு சொன்னாவ அண்ணாச்சி" என்றான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினது, முகத்தில் தெரிந்தது.

ஒட்டின இடத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்து, ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. உள்ளே டார்ச் அடித்தால் இன்னும் மோசம், கரி பிடித்த மாதிரி. மேலே மட்டும் வாயு விட்டிருக்கிறார்கள், உள்ளே விடவில்லை. ஸ்டீலுக்கு அது போதும். செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கு இந்த உலோகம் பழக்கமில்லை. அவனிடம் ஆசான் சொன்னதையே சொன்னேன்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் வெட்டுவது மட்டும். கெட்டுப்போன உலோகம் ஒரு துளி மிச்சமிருந்தாலும் புதிய வெல்டிங்கையும் கெடுக்கும். இரும்பில் படாத புதிய கார்பைடு முனையால் பழைய வெல்டிங் முழுவதையும், அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரையும் சுரண்டி எடுத்தேன். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தேன். கீறல் இருந்தால் அதற்குள் போன சிவப்பு வெள்ளையில் கோடாகக் கசியும். கசிந்தது. இன்னும் மூன்று மில்லிமீட்டர் போக வேண்டியிருந்தது. போனேன். மறுபடி தெளித்தேன். இந்தத் தடவை கோடு இல்லை.

இரண்டாம் நாள் காலை ஃபிரேமின் எல்லா ஓட்டையையும் அலுமினிய டேப்பால் அடைத்தோம். அவனும் கூடவே உட்கார்ந்து ஒட்டினான். ஆர்கான் காற்றைவிடக் கனம், அதனால் கீழேயிருந்து விட்டு மேலே ஒரு சிறு ஓட்டை வழியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும், குடத்தில் தண்ணீர் நிரப்புவது மாதிரி. இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்காருவதுதான் இந்த வேலையில் கடினம். சிலிண்டரில் காசு ஓடிக்கொண்டிருப்பது காதில் கேட்கும். பிறகு ஃபேனை அணைத்தேன், பட்டறைக் கதவையும் சாத்தினேன், உவரிக் காற்று ஒரு கீற்று வந்தாலும் வாயுவைக் கலைத்துவிடும். ஜுபைலிலிருந்து கொண்டுவந்து துணியில் சுற்றி வைத்திருந்த டைட்டானியக் கம்பியில் ஒன்றை எடுத்து அசிட்டோனில் துடைத்தேன்.

ஒட்டினது ஒட்டுமொத்தமாக நாலு சென்டிமீட்டர் இருக்காது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நிறுத்தினேன். ஆர்க் அணைந்தபிறகும் வெல்டிங் டார்ச்சை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு மனதுக்குள் நாற்பது எண்ணினேன். முதுகில் வியர்வை ஊர்ந்து இறங்கியது, அசையவில்லை. முகமூடியைத் தூக்கும் முன்னாலேயே அவன் கேட்டான், "நீலம் இருக்கா அண்ணாச்சி?"

டார்ச் லைட்டையும் பல் டாக்டர் கண்ணாடியையும் அவன் கையிலேயே கொடுத்தேன். அடிக்கூட்டு ஓட்டையில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்து காட்டு என்று அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு, நாங்கள் இட்லிக்கு உட்காரும் நேரத்தில் வாசலில் மணிச்சத்தம். பாளையங்கோட்டையிலிருந்து இருட்டில் கிளம்பி மிதித்தே வந்திருக்கிறான். அம்மா அவனையும் உட்காரவைத்து இட்லி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கிராங்கைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவிக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தோம். இருவரும் குனிந்து நின்றோம். பத்து நிமிஷம் ஆனது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.